மொழி தெரியாமல் ஆடிய கேம், பேட்ச் வந்தபின் ஆடிய கேம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பேட்ச் என்று நான் சொல்வது, கேமின் நகலில் ஒட்டினால் அதன் எழுத்தை வேறு மொழிக்கு மாற்றிவிடும், ரசிகர்கள் செய்கிற சின்னக் கோப்பை. முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். மதர் 3 இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள். முதல் அத்தியாயத்தின் முக்கியமான இடத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

2006 ஏப்ரலில் ஜப்பானில் மட்டும் வெளிவந்த, கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கான கேம் அது. ஒசாகாவில் வேலை பார்த்த என் அண்ணன் அடுத்த வருடம் ஊருக்கு வந்தபோது கேட்ரிட்ஜை வாங்கிவந்து கொடுத்தார். எனக்கு ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. மெனுவில் எத்தனையாவது வரி எதற்கு என்று தட்டித் தட்டிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன். சண்டையில் பாட்டின் தாளத்துக்குச் சரியாகப் பொத்தானைத் தட்டினால் 16 அடி வரை தொடர்ந்து விழும். அதற்கு மொழி வேண்டாம், காது போதும். அந்தத் தைரியத்தில் ஆடிக்கொண்டே போனேன்.

முதல் அத்தியாயத்தில் ஓர் இரவு. ஃபிளின்ட் தன் மனைவியையும் பிள்ளைகளையும் தேடிக்கொண்டிருக்கிறார். ஊரார் நெருப்பைச் சுற்றி நிற்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவர் வந்து ஏதோ சொல்கிறார். ஃபிளின்ட் தரையில் விழுந்து மண்ணைக் குத்துகிறார், எரிகிற கட்டையை எடுத்து ஊராரையே அடிக்கிறார். மனைவி இறந்துவிட்டாள் என்பது படத்திலேயே புரிந்தது. புரிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

2008 அக்டோபர் 17 அன்று ஆங்கில பேட்ச் வந்தது. என் கேட்ரிட்ஜிலிருந்து நகல் எடுத்து, அதில் பேட்சை ஒட்டி, முதலிலிருந்து ஆடினேன். அந்த இரவுக்கு வந்தேன். அந்த ஊர்க்காரர், நல்ல செய்தி ஒன்று, கெட்ட செய்தி ஒன்று இருக்கிறது என்று ஆரம்பிக்கிறார். நல்ல செய்தி, டிராகோ என்ற பெரிய மிருகத்தின் பல் கிடைத்திருக்கிறது, அருமையான ஆயுதமாகும். கெட்ட செய்தி, அந்தப் பல் எங்கே குத்தி நின்றது என்பது. ஃபிளின்ட்டின் மனைவி நெஞ்சில்.

கேமை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். என் தாத்தா இறந்த அன்று சேதி கொண்டுவந்த பெரியப்பா, வாசலில் நின்று முதலில் "மோட்டார் ஓடுதா, தண்ணி வருதா" என்றுதான் கேட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வராமல், கைக்கு எட்டிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மனிதர். அதே மனிதர் இந்தக் கேமில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வருடம் முன்னால் நான் அவரைக் கடந்து போயிருக்கிறேன், யாரென்று தெரியாமல்.

அந்தப் பேட்சைச் செய்த ரசிகர் குழுவை நடத்திய கிளைட் மேண்டலின் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர். கூலி வாங்கிச் செய்கிற வேலையைக் கூலியில்லாமல் இரண்டு வருடம் செய்தார். முதல் வாரத்திலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேட்சை இறக்கிக்கொண்டார்கள். 2013ல், நின்டெண்டோ நிறுவனம் அதிகாரபூர்வமாக வெளியிடுவதாக இருந்தால் தன் மொழிபெயர்ப்பை இலவசமாகவே தருகிறேன் என்றும் சொன்னார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

* * *

உங்கள் பெரியப்பா பற்றிய வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். என்னுடையது, டிவியில் இணைத்து ஆடும் சூப்பர் ஃபேமிகாம் கருவியின் கதை.

செய்கென் டென்செட்சு 3. 1995ல் வந்தது, ஆங்கில ரசிகர் பேட்ச் 2000ல். எங்கள் தெருவில் பிரவுசிங் சென்டர் வந்த புதிது. பேட்சை ஃபிளாப்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, ஆறு பேரில் எந்த மூவரைத் தேர்ந்தெடுப்பது என்று பட்டியலே போட்டு வைத்திருந்தான். ஒட்டினேன். கறுப்புத் திரை. திரும்ப ஒட்டினேன். அதே கறுப்பு. மூன்று நாள்.

காரணம் தெரிந்தபோது எளிமையாகத்தான் இருந்தது. நான் ஒட்டியது ஐ.பி.எஸ். என்ற வகைப் பேட்ச். அது "இத்தனையாவது இடத்தில் இந்த எண்களை வை" என்று சொல்லும் வெறும் பட்டியல். சரியான கோப்புதானா என்று பார்க்காது. கேட்ரிட்ஜை நகலெடுக்கும் அந்தக் காலத்து காப்பியர் கருவிகள் நகலின் முன்னால் தங்களுக்கென்று ஹெடர் என்று 512 பைட் சேர்த்துவிடும். என் கோப்பில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் ஒவ்வொரு எண்ணும் 512 இடம் தள்ளிப் போய் விழுந்திருக்கிறது. அந்த ஹெடரை நீக்கியதும் முதல் தடவையிலேயே ஓடியது. இப்போது வருகிற பி.பி.எஸ். வகைப் பேட்ச், கோப்பைச் சரிபார்த்துவிட்டுத்தான் ஒட்டும், புதிதாக வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

2019ல் அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு வந்தது, 24 வருடம் கழித்து. அதில் அந்த ஆறு பேரில் ஒருத்தியான சின்னப் பெண்ணுக்குப் பெயர் ஷார்லட். எனக்கும் தம்பிக்கும் அவள் இன்றும் கார்லிதான். பேட்ச் செய்தவர்கள் வைத்த பெயர் அது. மாற்றிக் கூப்பிட மனம் வரவில்லை.

* * *

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. நான் ஆடியதைவிட, தமிழில் ஒரு பேட்ச் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கொஞ்சம் ஜப்பானிய மொழி படித்தவன் நான். படிக்கும்போதே தெரிந்துவிடும், வாக்கிய வரிசை நம்முடையது மாதிரியே. பழைய ஆர்.பி.ஜி. கேம்களில் (ஒரு பாத்திரமாகக் கதைக்குள் பயணம் செய்யும் வகை) புதையல் பெட்டியைத் திறந்தால் வரும் வரி, "ஆள், பொருளை, பெற்றான்" என்ற வரிசையில் இருக்கும். வினை கடைசியில். நிரல் முதலில் பெயரை எழுதும், அப்புறம் பொருளை, அப்புறம் மாறாத அந்த வாலை. ஆங்கிலத்தில் வினை நடுவில் வர வேண்டும் என்பதால், பேட்ச் செய்கிறவர்கள் பல கேம்களில் நிரலையே பிரித்து மாற்றுகிறார்கள். தமிழில் செய்தால் இந்தச் சிக்கலே இல்லையே என்று துள்ளிக் குதித்தேன்.

வேறு சிக்கல் இருந்தது. ஜப்பானிய வேற்றுமை உருபு எந்தச் சொல்லுக்குப் பின்னாலும் மாறாமல் வந்து நிற்கும். நமக்கு வாள் என்றால் வாளை, மரம் என்றால் மரத்தை. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வடிவம் வைக்க வேண்டும்.

எழுத்து இன்னும் கடினம். நான் எடுத்தது சூப்பர் ஃபேமிகாமுக்கு முந்தைய ஃபேமிகாம் கருவியின் கேம். அதில் ஓர் எழுத்துக்கு 8க்கு 8 புள்ளிதான். கிராஃப் தாளில் ண, ஞ இரண்டையும் வரைந்து வரைந்து அழித்தேன். அந்தக் கேமின் முதல் திரையில் "ஹஜிமெரு" என்று இருந்தது, தொடங்குவது என்று பொருள். ஜப்பானியத்தில் நான்கு எழுத்து, நான்கு கட்டம். "தொடங்கு" என்று எழுத எனக்கு ஆறு வேண்டும். கொம்பு ஒன்று, த ஒன்று, கால் ஒன்று, அப்புறம் ட, ங், கு. கடைசியில் "ஆடு" என்று வைத்தேன். இரண்டே கட்டம்.

அந்த ஒரு சொல்லுக்கு ஆறு வாரம் ஆனது. அக்கா மகள் வந்திருந்தாள், இரண்டாம் வகுப்பு. திரையைப் பார்த்து எழுத்துக் கூட்டி, "ஆ... டு" என்று படித்துவிட்டு, தானாகவே பொத்தானை அழுத்தினாள். அடுத்த திரை முழுக்க ஜப்பானிய எழுத்து.

"மாமா, இங்க என்ன எழுதியிருக்கு?"

அந்தத் திரையைத்தான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.