'உஸாக்' படத்தின் நிதானம் பார்வையாளருக்குச் சுமையா?

கேள்வி – கார்முகில்

வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு பிறமொழிப் படத்தைத் திரையிட்டு, முடிந்தபின் அதைப் பற்றிப் பேசுவது வழக்கம். சென்ற மாதம் துருக்கி இயக்குநர் நூரி பில்கே ஜெய்லானின் 'உஸாக்' (2002) படத்தை நான் பரிந்துரைத்தேன். இஸ்தான்புல்லில் தனியாக வாழும் நிழற்படக் கலைஞர் மஹ்முத்தின் வீட்டுக்கு, ஆலை மூடப்பட்டதால் வேலை இழந்த உறவுக்கார இளைஞன் யூசுஃப், கப்பலில் வேலை தேடிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையோடு வந்து தங்குகிறான். ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் நெருங்காமலே பிரிகிறார்கள். கதை என்று சொன்னால் அவ்வளவுதான்.

110 நிமிடப் படத்தின் பாதியிலேயே சிலர் எழுந்து போய்விட்டார்கள். கடைசிவரை இருந்தவர்களில் சிலர் மிகவும் நெகிழ்ந்திருந்தார்கள். மற்றவர்களோ, "ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்ப்பதை நாம் எதற்காக உட்கார்ந்து பார்க்க வேண்டும்?" என்று கேட்டார்கள். நேர்மையான கேள்வி அது. அதை ரசனைக் குறைவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தனிமையைச் சொல்ல இந்த நிதானம் உண்மையிலேயே தேவைதானா, அல்லது திரைப்பட விழாக்களுக்கென்று உருவாகிவிட்ட ஒரு பழக்கமா? இத்தகைய படங்களைத் திரையிடுவதற்கு முன் பார்வையாளரிடம் ஏதேனும் சொல்லி வைப்பது நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பதில் – ஒளியன்

உங்கள் நண்பர்கள் கேட்ட கேள்வியைப் படமே ஒரு காட்சியில் எடுத்துக்கொள்கிறது. மஹ்முத் ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' படத்தைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று பேர் தண்டவாள வண்டியில் நெடுநேரம் போய்க்கொண்டே இருக்கும் பகுதி அது. யூசுஃப் சற்றுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சலித்துப்போய்ப் படுக்கப் போகிறான். அவன் போனதும் மஹ்முத் எழுந்து ஆபாசப்பட நாடா ஒன்றைப் போடுகிறார். யூசுஃப் திரும்பி வரும் ஓசை கேட்டதும் அவசரமாக வேறு சேனலுக்கு மாற்றுகிறார். உயர்ந்த கலை என்று அவர் மதிக்கும் படம், வேண்டாத விருந்தாளியை அறையைவிட்டு அனுப்பும் கருவியாகிவிட்டது. மெதுவான படங்களை ரசிப்பவர் மேலானவர், சலிப்பவர் கீழானவர் என்ற எண்ணத்துக்கு இந்த இயக்குநர் இடமே கொடுக்கவில்லை என்பதை இந்தக் காட்சியிலிருந்து நான் புரிந்துகொண்டேன்.

நிதானம் எதற்கு என்றால், மஹ்முத்தின் தனிமை பெரிய சம்பவம் எதிலும் இல்லை என்பதால்தான். விருந்தாளியின் காலணி நாறுகிறது என்று அதன்மேல் நறுமணத் தெளிப்பானை அடித்து அலமாரிக்குள் தள்ளுவது, சமையலறைக்கு வெளியே புகைபிடிக்கக் கூடாது என்று சொல்வது போன்ற அற்பமான செயல்களில்தான் அது வெளிப்படுகிறது. வேகமாக நகரும் படத்தில் இவை கண்ணில் படாமலே போய்விடும். காட்சி வெட்டப்படாமல் நீளும்போது, அந்தக் காலணியை ஒருவர் கையில் எடுக்கும் விதத்தில் எவ்வளவு வெறுப்பு இருக்கிறது என்று பார்க்க நமக்கு நேரம் கிடைக்கிறது.

இன்னொரு காட்சியையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். இருவரும் வேலை நிமித்தமாக அனடோலியா நிலப்பரப்பில் காரில் போகிறார்கள். ஓரிடத்தில் ஒளி அற்புதமாக விழுந்திருக்கிறது. மஹ்முத் வண்டியை நிறுத்தி, படமெடுக்க எவ்வளவு அருமையான இடம் என்கிறார். யூசுஃப் கருவிகளை எடுத்து வைக்கட்டுமா என்று ஆர்வத்தோடு கேட்கிறான். மஹ்முத் ஒரு கணம் யோசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புகிறார். தார்க்கோவ்ஸ்கியைப் போலப் படமெடுக்கப் போவதாக ஒருகாலத்தில் நண்பர்களிடம் சொன்னவர், இப்போது ஒரு நிறுவனத்துக்காக அதன் தரை ஓடுகளைப் படமெடுத்துப் பிழைக்கிறார். அவரை யாரும் தடுக்கவில்லை, ஆசை வற்றிவிட்டது. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு மூன்றையும் ஜெய்லானே செய்து, தன் சொந்த வீட்டிலேயே எடுத்த படம் இது. அவரும் நிழற்படக் கலைஞராகத் தொடங்கியவர் என்பதால், அந்தக் காட்சியில் ஒரு தற்சோதனையின் கடுமை இருப்பதாக நான் உணர்கிறேன்.

பதில் – தெற்குவாசல்

ஒளியன் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எழுந்து போனவர்களின் தரப்பிலும் ஒருவர் பேச வேண்டும். துருக்கி மக்களே இத்தகைய படங்களுக்குத் திரண்டு வருவதில்லை. ஜெய்லானின் 'விண்டர் ஸ்லீப்' 2014இல் கான் திரைப்பட விழாவில் அதன் உயரிய விருதான தங்கப்பனையைப் பெற்றது. அதே ஆண்டு துருக்கித் திரையரங்குகளில் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தது 'ரெஜெப் இவெதிக் 4' என்ற நகைச்சுவைப் படத்தை. நாள் முழுவதும் உழைத்துவிட்டு வருபவர் சிரிக்க விரும்புவதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மௌனமும் நீளமான காட்சியும் இல்லாமல் தனிமையைச் சொல்ல முடியாது என்ற கருத்தோடும் நான் உடன்படவில்லை. அதற்குச் சான்று ஜெய்லானே. 'விண்டர் ஸ்லீப்' 196 நிமிடம் ஓடுகிறது. அதில் மனிதர்கள் பேசித் தீர்க்கிறார்கள். கப்படோக்கியாவில் தங்கும் விடுதி நடத்தும் முன்னாள் நடிகர் அய்தின், தங்கையோடும் இளம் மனைவியோடும் மணிக்கணக்கில் வாதாடுகிறார். அந்த வாதங்கள் ஒவ்வொன்றும் அவரை அவர்களிடமிருந்து இன்னும் தள்ளி நிறுத்துகின்றன. ரஷ்ய எழுத்தாளர் செகாவின் கதைகளிலிருந்து உருவான படம் என்பதை அந்த உரையாடல்களிலேயே உணரலாம். ஆகவே நிதானம் ஒரு வழி. ஒரே வழி அன்று. 'உஸாக்' வெற்றி பெற்றபின் உலகெங்கும் பல இளம் இயக்குநர்கள் வெறும் வெளித்தோற்றத்தை எடுத்துக்கொண்டு, சன்னலோரத்தில் ஒருவரை நிற்கவைத்தாலே தனிமை வந்துவிடும் என்று நம்பியது எனக்கு வருத்தம் தருகிறது. உங்கள் பார்வையாளர்கள் அத்தகைய படங்களைப் பார்த்துச் சலித்தவர்களாகவும் இருக்கலாம்.

பதில் – மல்லிகைப்பந்தல்

இதுவரை எழுதிய இருவருமே மஹ்முத்தையும் அவரைப் போன்றவர்களையும் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள். படிப்பு முடிந்து வேலை தேடிய காலத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தவள் என்ற முறையில், நான் இந்தப் படத்தை யூசுஃப்பின் படமாகத்தான் பார்த்தேன். மஹ்முத்தின் தனிமைக்கு வீடு இருக்கிறது, கார் இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை இருக்கிறது. யூசுஃப்பின் தனிமைக்கு அவை எதுவும் இல்லை. துருக்கியில் 2001ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எத்தனையோ பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் ஒருவனைப் போலத்தான் அவன் பனி கொட்டும் துறைமுகத்தில், பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் கப்பலுக்கு முன்னால் நிற்கிறான். அவனை வைத்துப் பார்த்தால் படத்தின் நிதானம் ஓர் அழகியல் தேர்வாக எனக்குத் தோன்றுவதே இல்லை. வேலை இல்லாதவனின் பகல் அப்படித்தான் நீளும்.

கைக்கடிகாரத்தைவிடச் சற்றே பெரிய அந்தப் பழைய பைக்கடிகாரம் காணாமல் போகும் காட்சியை என்னால் மறக்க முடியாது. மஹ்முத் அதைத் தேடும்போது சந்தேகம் தன்மேல் விழுவதை யூசுஃப் உணர்கிறான். கடிகாரம் பின்னர் மஹ்முத்தின் கையிலேயே கிடைத்துவிடுகிறது. கிடைத்ததை அவர் யூசுஃப்பிடம் சொல்வதில்லை. யாரும் குரல் உயர்த்தவில்லை, இசை எழவில்லை. அடுத்தவர் வீட்டில் அண்டியிருந்தவர்களுக்கு அந்த மௌனத்தின் கனம் விளக்கம் இல்லாமலே விளங்கும்.

யூசுஃப்பாக நடித்த எமின் தோப்ராக் ஜெய்லானின் உறவினர். படம் முடிந்த சில காலத்திலேயே, 2002 டிசம்பரில், சாலை விபத்தில் இறந்துவிட்டார். 2003இல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்கும், மஹ்முத்தாக நடித்த முஸாஃபர் ஓஸ்தெமிருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. திரையிடலுக்குப் பிறகு இதை உங்கள் வட்டத்தாரிடம் சொல்லுங்கள். முன்பே சொன்னால் அனுதாபம் முந்திக்கொள்ளும்.

கேள்வியாளர் – கார்முகில்

மூவருக்கும் நன்றி. யூசுஃப்பின் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்பது எங்கள் உரையாடலில் எழவே இல்லை. எங்கள் வட்டத்தில் வேலைக்காக வெளியூர் போய்த் தங்கியவர்கள் பலர் இருக்கிறார்கள். அடுத்த முறை ஜெய்லானின் எந்தப் படத்தை எடுக்கலாம் என்றும் சொல்ல முடியுமா?

பதில் – ஒளியன்

'ஒன்ஸ் அபான் எ டைம் இன் அனடோலியா' (2011) படத்தை எடுங்கள். காவலர்கள், அரசு வழக்கறிஞர், மருத்துவர் எல்லோரும் ஒரு கொலையாளியைக் காரில் ஏற்றிக்கொண்டு, புதைத்த பிணத்தைத் தேடி இரவெல்லாம் மலைப்பாதையில் அலைகிறார்கள். பிணம் கிடைக்குமா என்ற எதிர்பார்ப்பு இருப்பதால், நீளமான படமாக இருந்தும் உட்கார வைத்துவிடும். பிணம் தேடிப் போகும் காரில் எருமைத் தயிரைப் பற்றிய விவாதம் நடக்கும்; அந்த இடத்தில் உங்கள் அரங்கம் நிச்சயம் சிரிக்கும். பிறகு ஒரு கிராமத் தலைவர் வீட்டில் மின்சாரம் போய்விட, அவருடைய மகள் விளக்கோடு தேநீர் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் நீட்டுகிறாள். அந்த முகத்தைப் பார்க்கும் ஒவ்வோர் ஆணும் தன் வாழ்க்கையில் எதை இழந்தான் என்பது வசனமே இல்லாமல் தெரிந்துவிடும். தலைவராக நடித்திருக்கும் எர்ஜான் கெஸால் திரைக்கதையிலும் பங்குகொண்டவர். அப்பகுதியில் மருத்துவராகப் பணியாற்றியவர்.

முன்னுரையாகக் கதையையோ கருத்தையோ விளக்க வேண்டாம். படத்தின் நீளத்தையும், இடைவேளை எங்கே வரும் என்பதையும் மட்டும் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, நல்ல ஒலிபெருக்கி ஏற்பாடு செய்யுங்கள். காற்றின் இரைச்சலும் தொலைவில் நாய் குரைப்பதும் கேட்காவிட்டால் இந்தப் படத்தில் பாதி போய்விடும். படத்தின் பெரும்பகுதி இரவில் நடப்பதால் அறையை நன்றாக இருட்டாக்குவதும் அவசியம்.

பதில் – தெற்குவாசல்

இந்தத் தேர்வை நானும் வழிமொழிகிறேன். சென்ற மாதம் பாதியில் எழுந்து போனவர்களையும் தவறாமல் அழையுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதை அவர்கள் முதலில் பேசட்டும். ரசித்தவர்கள் முதலில் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் வாய் திறக்கத் தயங்கிவிடுவார்கள்.