குறுக்கு வலி எந்த சீட்டுக்குக் கேட்டது? லாரி சீட் மாற்றியவர்களின் அனுபவங்கள்

சங்ககிரி லாரி ஓட்டுநர்

ஏழெட்டு மாதமாக இந்த சீட் விஷயத்தில் அலைந்திருக்கிறேன். என்னைப் போல அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என்னுடையது 2014 மாடல் பன்னிரண்டு சக்கர வண்டி. சேசிஸாக எடுத்து நாமக்கல்லில் கேபின் கட்டியது. டிரைவர் சீட்டும் அங்கே போட்டதுதான்: ஆங்கிள் சட்டம், அதன்மேல் பிளைவுட், அதன்மேல் ஃபோம், ரெக்சின். ஆறு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் நாக்பூர் டிரிப் முடிந்து இறங்கும்போதெல்லாம் குறுக்கு பிடித்துக்கொள்ளும். போன வருஷம் வலது கால் கெண்டைச் சதை வரை மரத்துப்போக ஆரம்பித்தது. பிரேக் பெடலில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற நிலை. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டரிடம் போனேன். ஸ்கேனில் கீழ் முதுகில் இரண்டு டிஸ்க் பிதுங்கியிருந்தது. மருந்து எழுதினார், உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார், கடைசியாக, "எந்த மாதிரி சீட்டில் உட்கார்ந்து ஓட்டுறீங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

முதலில் செய்தது ஃபோமை மாற்றியது. பக்கத்து ஊர்ப் பட்டறையில் ஆறு அங்குல ஃபோம் வைத்து, புது ரெக்சின் போட்டுக் கொடுத்தார்கள். 4,500 ரூபாய். ஏறி உட்கார்ந்ததும் வீட்டு சோபா மாதிரி இருந்தது. மனசு நிறைந்துதான் கிளம்பினேன். ஹைதராபாத் தாண்டுவதற்குள் வலது பக்கம் அமுங்கி, உடம்பு ஒருக்களித்து நின்றது. உயரம் கூடிப்போனதால் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் தாழ்த்த வேண்டியிருந்தது. சீட்டின் முன் ஓரம் தொடையைத் தூக்கிப் பிடித்ததில் கிளட்ச் மிதிக்கும் கால் பாதி தூரத்தில் நின்றது. பள்ளத்தில் விழும்போது ஃபோம் முழுக்க அமுங்கிப் பலகையிலேயே இடித்தது. வலி முன்பைவிட மோசம்.

அதன் பிறகுதான் சஸ்பென்ஷன் சீட் பக்கம் போனேன். கீழே கத்தரி மாதிரி மடங்கும் சட்டம், ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்கும் ஒரு டேம்பர், நம் எடைக்கு ஏற்பத் திருப்பி வைக்க ஒரு குமிழ். ஓசூர் பக்கம் டிராக்டருக்கும் லாரிக்கும் இந்த வகை சீட் பல வருஷமாகத் தயாராகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வாங்கியதும் தெரிந்த இன்னொரு விஷயம்: இந்த சீட் உயரம் அதிகம். பழைய சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டிமேல் அப்படியே வைத்தால் ஸ்டியரிங் தொடையில் தட்டும். பெட்டியை நாலு அங்குலம் அறுத்துத் தாழ்த்தித்தான் பொருத்தினோம். வாங்குவதற்கு முன்னால், பழைய சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது கேபின் தரையிலிருந்து தொடை வரை எவ்வளவு உயரம் என்று அளந்துகொண்டு போங்கள்.

மாட்டி ஒரு மாதம் ஆகிறது. மரத்துப்போவது குறைந்திருக்கிறது. ஆனால் பெரிய பள்ளத்தில் இன்னும் 'டக்'கென்று அடிவாங்குகிறது. அது சீட்டின் குணமா, நான் பொருத்தியதில் தவறா என்று தெரியவில்லை. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை தாங்கும் காற்று சீட் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கரூர் சீட் பட்டறைக்காரர்

அண்ணா, அந்த 'டக்' சத்தம் பெரும்பாலும் குமிழ்தான். எடையைக் குறைவாக வைத்தால் நீங்கள் உட்கார்ந்த உடனே ஸ்பிரிங் அடிவரை இறங்கிவிடும். பள்ளம் வரும்போது இறங்க மிச்சம் இடம் இல்லாமல் சட்டமும் சட்டமும் மோதும். அதிகம் வைத்தால் மேலே போய் முட்டும். நீங்கள் உட்கார்ந்த நிலையில் சீட் தன் ஓட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் வெளியே நின்று பார்த்துச் சொன்னால் போதும்.

நான் 22 வருஷமாக பஸ்ஸுக்கும் லாரிக்கும் சீட் கட்டுகிறேன். எங்கள் ஊரில் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, அதனால் எல்லா வகை சீட்டும் கையில் வந்துபோகும். வருகிற டிரைவர்களில் பத்தில் எட்டுப் பேர் "நல்லா மெத்துனு போடுங்க" என்றுதான் கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். பட்டறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்து சீட்டை எடைபோடாதீர்கள். உட்கார்ந்திருக்கும் உடம்பை அதிகம் படுத்துவது நொடிக்கு நாலிலிருந்து எட்டு முறை மேலும் கீழும் ஆடும் அதிர்வு. லாரியின் அதிர்விலும் அந்த அளவு வருகிறது. வெறும் ஃபோம் சீட்டும் கிட்டத்தட்ட நொடிக்கு நாலு முறை ஆடும் குணம் உள்ளது. அதனால் அடியைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டியே கொடுக்கும். ஃபோமை எவ்வளவு தடிமனாக்கினாலும் இது தீராது. சஸ்பென்ஷன் சீட் நொடிக்கு ஒன்று, இரண்டு முறைதான் மெதுவாக ஆடும், கெட்ட அதிர்வைக் கீழேயே நிறுத்திவிடும்.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2002இல் வந்தது. 8 மணி நேர வேலைக்கு உடம்பில் ஏறும் அதிர்வு 0.5 மீட்டர்/வினாடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15 தாண்டவே கூடாது. நம் டிரைவர்களுக்கும் இப்படி ஒரு அளவுகோலை யாராவது கையில் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஃபோம் வாங்கும்போது தடிமனை மட்டும் கேட்காதீர்கள், டென்சிட்டியை, அதாவது அடர்த்தியைக் கேளுங்கள். கன மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறைந்ததை டிரைவர் சீட்டுக்கு நான் வைப்பதில்லை. டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு என்பதும் நினைவிருக்கட்டும். டென்சிட்டி குறைந்த ஃபோமும் புதிதில் கெட்டியாக இருக்கலாம், ஆனால் சீக்கிரமே குழி விழுந்துவிடும். சங்ககிரி அண்ணாவுக்கு வலது பக்கம் அமுங்கியது அப்படிப்பட்ட ஃபோமாகத்தான் இருக்கும்.

சீட்டின் ஆழமும் முக்கியம். முதுகு முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்தால் சீட்டின் முன் ஓரத்துக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் கால் மரக்கும். சாய்வுப் பலகை நேர்க்குத்தாக நிற்காமல் கொஞ்சம் பின்னால் சரிந்திருக்கட்டும், இடுப்பு வளைவில் ஒரு சின்ன மேடு இருக்கட்டும். அப்புறம் பின் பாக்கெட்டில் பர்ஸை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். எவ்வளவு நல்ல சீட்டையும் அந்தப் பர்ஸ் கோணலாக்கிவிடும்.

இதைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள்: பெல்ட். சஸ்பென்ஷன் சீட் மேலும் கீழும் போகும். பெல்ட்டின் பூட்டு கேபின் தரையில் இருந்தால், சீட் எழும் ஒவ்வொரு முறையும் பெல்ட் வயிற்றை இறுக்கும். இரண்டாவது நாளே டிரைவர் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிடுவார். பூட்டு சீட்டோடு சேர்ந்து நகர வேண்டும். அப்படியானால் மோதலில் வரும் இழுப்பு முழுவதும் சீட்டின் போல்ட்டுக்குப் போகிறது. அதனால் சாதாரண போல்ட் போடாமல் அதிக வலுவுள்ள 10.9 கிரேடு போடுங்கள், தரைத்தகட்டுக்கு அடியில் கனமான பிளேட் வையுங்கள். தகட்டில் நேராக வெல்டிங் வைத்து ஒட்டுகிற வேலையை நான் செய்வதில்லை.

ஈரோடு, லாரி வீட்டிலிருந்து

வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரரும் ஒரு மாத்து டிரைவர் தம்பியும். கணக்கு நான் பார்க்கிறேன். மஞ்சள் லோடு ஏற்றி வடக்கே போனால் திரும்ப பன்னிரண்டு நாள், பதினைந்து நாள் ஆகும்.

சஸ்பென்ஷன் சீட் விலையைக் கேட்டதும் நான்தான் முதலில் வேண்டாம் என்றேன். பிறகு ஒரு ராத்திரி கணக்கு நோட்டைப் புரட்டினேன். அந்த வருஷம் மட்டும் அவர் வலியால் படுத்ததில் நாலு டிரிப் தவறிப்போயிருந்தது. சீட்டோ ஒரு புது டயர் விலைக்குள் முடிகிறது. டயர் தேய்ந்தால் அன்றே மாற்றுகிறோம். இவர் தேய்வதைப் பத்து வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேனே என்று அழுகை வந்துவிட்டது. மறுநாளே பணம் கொடுத்தேன்.

போட்ட பிறகும் ஒரு சிக்கல். இவர் 92 கிலோ, தம்பி 58 கிலோ. ஒருவர் இறங்கி ஒருவர் ஏறும்போது குமிழைத் திருப்ப மாட்டார்கள். தம்பி ஓட்டும்போது சீட் உச்சியிலேயே நிற்கும், கல்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பான். கடைசியில் நகப்பூச்சை எடுத்து, குமிழ்ப் பக்கம் இவருக்குச் சிவப்புக் கோடு, தம்பிக்கு வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தேன். ராத்திரி மாறும்போதும் டார்ச் வெளிச்சத்தில் தெரிகிறது. இப்போது இருவரும் மறக்காமல் திருப்புகிறார்கள்.

ரெக்சின் வேண்டாம். நாக்பூர் வெயிலில் முதுகு வெந்துவிடுகிறது. இப்போது புதிதாகத் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்றாலும் எங்களைப் போன்ற பழைய வண்டிக்காரர்களுக்கு அது இல்லையே. நடுவில் துணியும் ஓரத்தில் ரெக்சினும் வைத்துத் தைத்தோம். ஏறி இறங்கும் ஓரம் கிழியவில்லை, உட்காரும் இடத்தில் வியர்வை தேங்கவில்லை.

தூத்துக்குடி டிரெய்லர் ஓட்டுநர்

காற்று சீட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுகம் என்றால் அதுதான் சுகம். ஏறி உட்கார்ந்து லீவரைத் தொட்டால் நம் எடைக்குத் தகுந்த காற்றை வைத்துக்கொள்ளலாம், ஆள் மாறினாலும் அரை நிமிஷ வேலை. ஆனால் பொருத்துவது யார் என்பதில் மிகவும் கவனம் வேண்டும்.

நான் பழைய காற்று சீட் ஒன்றை வாங்கி, வழியோரப் பட்டறையில் மாட்டினேன். அவர்கள் பிரேக் டேங்கிலிருந்தே நேராக ஒரு ஹோஸ் இழுத்துவிட்டார்கள். எனக்கும் அப்போது விவரம் தெரியாது. பெங்களூரில் கன்டெய்னர் ஏற்றித் திரும்புகிறேன். தருமபுரி தாண்டியதும் காற்று மீட்டர் முள் மெல்ல மெல்ல இறங்குகிறது. முன்னால் தொப்பூர் மலை இறக்கம். அந்த இறக்கத்தில் எத்தனை வண்டிகள் விபத்தில் போயிருக்கின்றன என்று நம் எல்லோருக்கும் தெரியும். உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திக் காது கொடுத்தேன். சீட்டுக்கு அடியில் 'உஸ்' என்று சத்தம். ஹோஸ் சட்டத்தில் உரசி உரசி ஓட்டை விழுந்திருந்தது. கையில் இருந்த பிளக்கால் அந்த ஹோஸை அடைத்து, காற்று முழுக்க ஏறும் வரை நின்று, ஒரு மீட்டரில் மட்டும் இல்லாமல் இரண்டு மீட்டரிலும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். கை நடுக்கம் சேலம் வரை போகவில்லை.

சீட்டுக்குக் காற்று எடுக்க வேண்டியது ஆக்சிலரி லைனில், அதாவது பிரேக் அல்லாத மற்ற வேலைகளுக்கான காற்றுக் குழாயில். நடுவில் ஒரு புரொடெக்ஷன் வால்வு இருக்க வேண்டும். சீட் பக்கம் கசிந்தாலும் பிரேக் காற்று குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாமல் அந்த வால்வு மூடிக்கொள்ளும். ஹோஸ் எங்கேயும் உரசாமல் கிளிப் போட வேண்டும். இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறேன், இரண்டு வருஷமாகத் தொந்தரவு இல்லை. இன்னொன்று, பழைய சீட் வாங்கினால் காற்றுப் பையை விரலால் மடித்துப் பாருங்கள். ரப்பரில் கோடு கோடாக வெடிப்பு தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மதுரை வேன்காரர்

லாரி இல்லை, சுற்றுலா வேன் வைத்திருக்கிறேன். பயணிகள் வசதிக்காக 12 சீட்டை எடுத்து, சாயும் பெரிய சீட் 9 போட்டேன். எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போனபோது ஆர்.சி. புத்தகத்தில் 12 என்றிருக்கிறது, வண்டியில் 9 இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றினால் முன் அனுமதி வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. லாரியில் டிரைவர் சீட் ஒன்றுக்கு ஒன்று மாற்றுகிறவர்களுக்கு எண்ணிக்கை மாறாது. என்னைப் போல வேன், பஸ் வைத்திருப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம், பிறகு பட்டறை.

சங்ககிரி லாரி ஓட்டுநர்

எல்லோருக்கும் நன்றி. கரூர்க்காரர் சொன்னபடி கிளீனர் தம்பியை வெளியே நிற்க வைத்துப் பார்த்தேன். குமிழ் 60 கிலோவில் இருந்தது, நான் 78. பெல்ட் பூட்டும் தரையில்தான் இருந்தது. சீட் சட்டத்துக்கு மாற்றி, அடியில் கால் அங்குல பிளேட் வைத்து, போல்ட்டையும் 10.9 போட்டாயிற்று.

சோலாப்பூர் வரை போய் நேற்றுத்தான் திரும்பினேன். ஒரே ஒரு இடத்தில்தான் அடிவாங்கியது, அது யாருக்கும் அடிக்கும் பள்ளம். ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டியதும் நான்கு போல்ட்டையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. புதிதாக மாட்டுகிறவர்கள் முதல் டிரிப்பின் நடுவிலேயே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஈரோட்டு அக்கா, உங்கள் நகப்பூச்சுக் கோடு எங்கள் வண்டியிலும் ஏறிவிட்டது. மாத்து டிரைவர் வரப்போகிறார், அவருக்குப் பச்சை.