சாலையில் வம்புக்கு வந்த ஆளை எப்படி வர்ணிப்பது? தெருக் குழுவுக்கு வழிகாட்டி எழுத உதவி வேண்டும் (டர்பன், தென் ஆப்பிரிக்கா)

செல்வி_சாட்ஸ்வர்த்

வணக்கம். எங்கள் தெருக் காவல் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு பக்க வழிகாட்டி எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வண்டிகளால் தெற்குப் பக்கம் எல்லாம் நெரியும். ஹாரன், முறைப்பு, வண்டியைக் குறுக்கே போட்டு இறங்கி வருவது எல்லாம் அப்போது சகஜம். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

குழுவில் வரும் செய்திகள் அநேகமாக ஒரே அச்சு: "கறுப்பன் ஒருத்தன், வெள்ளை போலோ, ஹிக்கின்சன் ஹைவே, மட்டையோடு இறங்கினான், ஜாக்கிரதை." அதன் கீழே ஐம்பது பேர் சண்டை. இனத்தைச் சொல்லவே கூடாது என்று ஒரு பக்கம், சொல்லாவிட்டால் எப்படிப் பிடிப்பார்கள் என்று ஒரு பக்கம்.

எனக்கு மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். அந்த நேரத்தில் என்ன செய்வது, போலீஸிடம் ஆளைப் பற்றி என்ன சொல்வது, குழுவில் என்ன போடுவது.

தாழையன்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

ரோபாட்டில் (போக்குவரத்து விளக்கில்) நிற்கும்போது முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவு இடைவெளி இருந்தால் ரிவர்ஸ் போடாமலே ஒடித்து வெளியேறலாம். ஒட்டி நின்றால் முன்னும் பின்னும் அடைபட்டு, அவர் வந்து கண்ணாடியைத் தட்டும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆள் இறங்கி வந்தால் கதவைப் பூட்டுங்கள், கண்ணாடியை முழுக்க ஏற்றுங்கள், எஞ்சினை அணைக்காதீர்கள். முறைக்க வேண்டாம். தப்பு யாருடையதாக இருந்தாலும் உள்ளங்கையைக் காட்டி மன்னிப்புக் கேட்பது போல ஒரு சைகை செய்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். இரண்டு பேரும் இறங்கிவிட்டால் இரண்டு பேரும் எதிரெதிரே வழக்குப் போடுவார்கள், முதலில் கை வைத்தது யார் என்று நிரூபிப்பது பெரும்பாடு.

பின்னாலேயே வந்தால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். போலீஸ் நிலையத்துக்கு விடுங்கள். அது தூரம் என்றால் ஆளும் கேமராவும் இருக்கிற பெட்ரோல் கராஜ். போலீஸ் எண் 10111-ஐ அழையுங்கள். கைபேசியில் 112, ஏர்டைம் இல்லாவிட்டாலும் போகும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது விதி 308ஏ-படி குற்றம், அதனால் ஸ்பீக்கரில் போடுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவர் பேசட்டும். பேச்செடுத்ததும் இடத்தைச் சொல்லுங்கள்: எந்தச் சாலை, எந்தப் பக்கம் நோக்கி, கடைசியாகத் தாண்டிய வெளிவழி எது. இணைப்பு அறுந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

வண்டி உரசியிருந்தால் அப்படியே போய்விட முடியாது, நிற்க வேண்டும் என்பது சட்டம் (1996 சாலைப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 61). நின்றால் அடிபடுவோம் என்ற நிலையில் நேரே போலீஸ் நிலையத்துக்குப் போய் அங்கேயே விபத்தைப் பதியுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 24 மணி நேரம்தான் கெடு.

சாட்சிக்கூண்டு

செல்வி அக்கா, இரண்டாவது கேள்வியில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வண்டி, பிறகு ஆயுதம், பிறகு ஆள். எண் சீக்கிரம் மறந்துபோகும் என்பதால் பாதுகாப்பான இடத்தில் நின்ற உடனே போனில் குரல் பதிவாகப் பேசிவிடுங்கள். பழைய டர்பன் தகடு என்டி என்று தொடங்கி இலக்கங்கள் வரும். 2023 கடைசியில் வந்த புதிய க்வாசுலு-நட்டால் மாகாணத் தகட்டில் இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, கடைசியில் இசட்என். ஆங்கில பி-யும் 8-ம், டி-யும் 0-வும் தூரத்தில் ஒன்று போலத் தெரியும். சந்தேகமான இடத்தில் ஊகித்து நிரப்பாமல் கேள்விக்குறி போடுங்கள். நிச்சயமான மூன்று எழுத்தும் வண்டியின் நிறமும் போதும், தேடலாம். தப்பான முழு எண் வேறு யார் வீட்டு வாசலிலோ கொண்டுபோய் நிறுத்தும். நசுங்கிய பம்பர், ஒட்டுப்படம், ஒரு சக்கரத்துக்கு மட்டும் மூடி இல்லாதது, இந்த மாதிரி விஷயங்கள் தகட்டைவிட உறுதியானவை, ஏனென்றால் போலித் தகடு போட்டு ஓடும் வண்டிகள் உண்டு.

உயரத்தை வண்டியை வைத்து அளக்கலாம். போலோ விவோவின் கூரை ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹைலக்ஸ் டபுள் கேப் பக்கி (பிக்கப் வண்டி) கிட்டத்தட்ட 1.8 மீட்டர். அவர் தன் வண்டிக் கதவோரம் நின்றபோது கூரை அவருக்கு மார்பு வரை வந்ததா, தோள் வரையா? "நெட்டை" என்று எழுதுவதைவிட "போலோ கூரை அவர் நெஞ்சளவு" என்று எழுதினால் புலனாய்வு அதிகாரிக்கு ஓர் அளவு கிடைக்கிறது. பிறகு தலையிலிருந்து கால்வரை: தொப்பி, முடி, தாடி, சட்டை, கால்சட்டை, செருப்பா ஷூவா. எந்தக் கையில் மட்டையைப் பிடித்திருந்தார் என்பதை மறக்கவேண்டாம். சட்டையை மாற்றலாம், இடக்கைப் பழக்கத்தை மாற்ற முடியாது.

இனம்? போலீஸிடம் சொல்லலாம். மற்ற அடையாளங்களோடு ஒன்றாக, கடைசியில். தனியாகச் சொன்னால் அது யாரையும் கழிக்காது. 2011 கணக்கெடுப்பில் எத்தெக்வினியில் (டர்பன் மாநகராட்சியில்) கறுப்பின மக்கள் ஏறக்குறைய 74 சதவீதம், இந்தியர் 17 சதவீதம். "கறுப்பு ஆண், வெள்ளை கார்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் நகரத்து ஆண்களில் நாலில் மூன்று பேர் சந்தேக நபர்கள். அதைவிட மோசம், அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் முழுசாகச் சொல்லிவிட்டோம் என்று மனம் ஓய்ந்துவிடுகிறது. தொப்பியும் தழும்பும் சொல்லப்படாமலே போகின்றன.

பார்த்ததையும் நினைத்ததையும் பிரியுங்கள். "குடிகாரன்" என்பது நினைத்தது. "பேச்சு குழறியது, கண் சிவந்திருந்தது" என்பது பார்த்தது. "டாக்சிக்காரன்" என்றால் மினிபஸ் டாக்சி ஓட்டினாரா, இல்லை அப்படி ஓட்டுகிறவர் டாக்சிக்காரனாகத்தான் இருப்பான் என்று நீங்களே முடிவு செய்தீர்களா? உச்சரிப்பை வைத்து நைஜீரியன், மொசாம்பிக்காரன் என்று எழுதவே வேண்டாம். காதில் விழுந்த சொல்லை, எந்த மொழியாக இருந்தாலும், விழுந்தபடியே எழுதுங்கள்.

ராஜன்_வெருலம்

மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். போலீஸே இனத்தைக் கேட்கிறார்கள். அடிபட்டவர் பயத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது அவருக்குப் பேச்சு இலக்கணம் சொல்லித்தருவது நியாயமா? எல்லாத் தகவலும் உதவும்.

சாட்சிக்கூண்டு

ராஜன் ஐயா, கேட்டால் சொல்லட்டும், மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அது உறுதியான தகவல் என்று நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து. மனிதர்களுக்குத் தம் இனத்தார் முகம் பிடிபடும் அளவு பிற இனத்தார் முகம் பிடிபடுவதில்லை. உளவியலாளர்கள் மெய்ஸ்னர், பிரிகாம் இருவரும் 2001-இல் முப்பது வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிற இன முகத்தைத் தவறாக அடையாளம் காட்டும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் என்று வந்தது. எல்லா இனத்தாருக்கும் இதே கதைதான். கையில் துப்பாக்கியோ மட்டையோ இருந்தால் கண் அதிலேயே நின்றுவிடும், முகம் இன்னும் மங்கும்.

நம் நீதிமன்றங்களுக்கும் இது தெரியும். 1972-ம் ஆண்டின் ம்தெத்வா தீர்ப்பு இன்றுவரை அளவுகோல்: வெளிச்சம் எப்படி, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பார்த்தார், காட்சி அசைந்துகொண்டிருந்ததா, ஆளை முன்பே தெரியுமா. சாட்சி நேர்மையானவராக இருப்பது மட்டும் போதாது, தப்பாகப் பார்த்திருக்கக் கூடாது. ஆகவே வாக்குமூலத்தில் இவற்றையும் எழுதுங்கள்: "தெருவிளக்கு எரிந்தது, என் கண்ணாடியிலிருந்து ஒரு கை தூரம், அரை நிமிடம் போலப் பார்த்தேன்." எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

பதியும் முறை: எந்த நிலையத்திலும் பதியலாம், உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். வாக்குமூலத்தை அதிகாரி எழுதினால் கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியும் படியுங்கள். நீங்கள் சொல்லாத இனச் சொல்லோ, "தாக்க முயன்றார்" என்று நீங்கள் சொன்னது "தாக்கினார்" என்றோ இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். சிஏஎஸ் எண் (போலீஸ் வழக்குப் பதிவு எண்) வாங்காமல் கிளம்பாதீர்கள். காயம் இருந்தால் அதைப் பதியும் ஜே88 படிவத்தை மருத்துவர் நிரப்ப வேண்டும். வீக்கம் வடிந்தபின் போனால் படிவத்தில் ஒன்றும் இருக்காது. அடி விழாவிட்டாலும், உடனே அடிக்கப்போகிறார் என்று அஞ்சும்படி மட்டையை ஓங்கியதே நம் சட்டத்தில் தாக்குதல். துப்பாக்கியை நீட்டினால், குண்டு இல்லாவிட்டாலும், தனிக் குற்றம்.

இன்னொன்று, பயத்தில் நடுங்குகிறவர் என்றீர்கள். 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கார் கண்ணாடியை உடைத்துப் பொருளைத் திருடியதால் பாதிக்கப்பட்ட ஒரு பெண், உதவிக்கு வந்த கறுப்பினப் போலீஸாரையும் 10111-இல் பேசியவர்களையும் இழிசொல்லால் ஏசினார். 2018 மார்ச்சில் கிரிமன் இஞ்சூரியா (ஒருவரின் கண்ணியத்தை இழிவுபடுத்துவது) குற்றத்துக்கு மூன்று வருடச் சிறை விதித்தார்கள், அதில் ஒரு வருடம் நிறுத்திவைப்பு. புகார் கொடுக்க வந்தவர் குற்றவாளியாகப் போனார். "கூலி" என்று நம்மை ஏசினால் நாமும் இதே சட்டத்தில் புகார் கொடுக்கலாம். டாஷ்கேம் (வண்டியின் முன்பக்கம் பொருத்தும் கேமரா) வெளியே மட்டும் பதிவதில்லை, உள்ளே நீங்கள் பேசுவதும் அதில் ஏறுகிறது.

தாழையன்

டாஷ்கேம் என்றதும் ஒரு வார்த்தை. அது ஒன்று முதல் ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பதிந்து, கார்டு நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே போகும். 64 ஜிபி கார்டில் சாதாரணத் தரத்தில் எட்டுப் பத்து மணி நேரம்தான் தங்கும். மோதினால் துண்டு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் ஆள் கண்ணாடியைத் தட்டிக் கத்தும் அதிர்ச்சி அதற்குப் போதாது, பூட்டுப் பொத்தானை நீங்களே அழுத்த வேண்டும். வண்டியை நிறுத்தியதும் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு கார்டு போடுங்கள். தேதியும் மணியும் சரியாக ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

கமலா_பீனிக்ஸ்

செல்வி, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுதான் அதிக கவலை.

1949 ஜனவரி 13 அன்று டர்பன் விக்டோரியா தெருப் பக்கம் ஓர் இந்தியக் கடைக்காரருக்கும் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் தகராறு. சிறுவனுக்குத் தலையில் காயம். "இந்தியன் ஆப்பிரிக்கப் பையனைக் கொன்றுவிட்டான்" என்று பேச்சு பரவியது. கலவரம் அடங்கியபோது 142 பேர் இறந்திருந்தார்கள். கடைக்காரர் யார், பையன் யார் என்பது எவருக்கும் தேவைப்படவில்லை, இனப்பெயர் இரண்டு போதுமாக இருந்தது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது எங்கள் பீனிக்ஸ் பகுதியிலேயே தடுப்புப் போட்டு, வண்டியில் யார் இருக்கிறார் என்று நிறத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிர் போனது. கைபேசிச் செய்திகளும் அன்று அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றின. அதனால் "கறுப்பன், வெள்ளை போலோ, ஜாக்கிரதை" என்று யாராவது போட்டால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அன்று மாலை வேலை முடிந்து வெள்ளை போலோவில் வருகிற யாரோ ஒரு மனிதர் தெருமுனையில் மறிக்கப்படுவார்.

ஆகவே குழுவில் எச்சரிக்கை மட்டும் போகட்டும், ஆளின் வர்ணனை போலீஸுக்குப் போகட்டும். இடம், மணி, வண்டி மாதிரி, நிறம், என்ன நடந்தது, எந்தப் பக்கம் போனது. முழுத் தகடு வேண்டாம், அது சிஏஎஸ் கோப்பில் இருக்கிறது. முகப்படம் வேண்டவே வேண்டாம். "பிடித்து நொறுக்குங்கள்" என்று ஒருவர் எழுதினாலும் அட்மின் உடனே நீக்க வேண்டும். வன்முறையைத் தூண்டும் செய்தி அனுப்புவது 2020 சைபர் குற்றச் சட்டத்தின் 14-வது பிரிவில் குற்றம்.

முக்கியமாக, விஷயம் முடிந்ததும் "முடிந்தது" என்று போட்டு பழைய செய்தியை அழியுங்கள். வாட்ஸ்அப் செய்திக்கு முதுமை கிடையாது. மூன்று மாதம் கழித்து வேறு குழுவில் "இப்போது நடந்தது" என்று அதே செய்தி வந்து நிற்கும்.

செல்வி_சாட்ஸ்வர்த்

மிக்க நன்றி எல்லாருக்கும். மாதிரிச் செய்தி இப்படி எழுதியிருக்கிறேன், சரி பாருங்கள்:

"ஹிக்கின்சன் ஹைவே, நகரம் நோக்கி, மாலை. வெள்ளை போலோ, இடது பின்விளக்கு உடைந்தது. ஓட்டுநர் மட்டையுடன் இறங்கி ஒரு காரின் கண்ணாடியை அடித்தார். என்2 நெடுஞ்சாலைப் பக்கம் போனது. போலீஸுக்குச் சொல்லியாயிற்று. யாரும் பின்தொடர வேண்டாம்."

ராஜன்_வெருலம்

நன்றாக இருக்கிறது. ஆள் விவரம் இல்லையே என்று முதலில் நினைத்தேன், ஆனால் உடைந்த விளக்கு ஒன்றே அந்த வண்டியைக் காட்டிக்கொடுக்கும். முழு வர்ணனைக்கான வரிசையை வழிகாட்டியின் பின்பக்கத்தில் தனியாக அச்சடியுங்கள், வண்டியில் வைத்துக்கொள்ளட்டும்.

கமலா_பீனிக்ஸ்

"மாலை" என்பதை எடுத்துவிட்டு தேதியும் 17:40 மாதிரி மணியும் போடுங்கள். வெறும் "மாலை" என்று இருந்தால் அது எல்லா மாலைக்கும் பொருந்தும். சிஏஎஸ் எண் கிடைத்ததும் அதே செய்தியின் கீழ் சேருங்கள்.