நிலவுச் சுற்றுப்பாதையில் ஜிபிஎஸ்: பிழை ஒரே திசையில் எகிறுவது ஏன்?

கேள்வி: சிமுலேஷனில் பூமியை நோக்கிய திசையில்தான் இடப்பிழை பயங்கரமாக எகிறுகிறது. ரிசீவர் கோளாறா?

பதில் 1: ரிசீவர் பாவம். அங்கிருந்து பார்த்தால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எல்லாம் சுமார் 8 டிகிரிக்குள் ஒடுங்கிவிடும். எல்லாச் சிக்னலும் ஒரே திசையிலிருந்து வருவதால் தூரப்பிழையும் கடிகாரப்பிழையும் பிரிக்க முடியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் 1 மைக்ரோநொடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். நல்ல கடிகாரம் வையுங்கள். ஒவ்வொரு கணத்துக்கும் தனித்தனியாகத் தீர்வு காணாமல், கால்மன் ஃபில்டரில் (முந்தைய கணிப்பையும் புது அளவீட்டையும் இணைத்து மதிப்பிடும் முறை) சுற்றுப்பாதை இயக்கவியலையும் சேருங்கள்.

பதில் 2: சார்பியல் திருத்தம் (ஈர்ப்பாலும் வேகத்தாலும் கடிகார ஓட்டம் மாறுவதைச் சரிசெய்வது) போட்டீர்களா? நிலவுத் தரையில் கடிகாரம் பூமியைவிட நாளுக்குச் சுமார் 56 மைக்ரோநொடி முந்தும். அதே எண்ணைச் சுற்றுப்பாதைக்கு அப்படியே போடாதீர்கள். உயரம், வேகத்துக்கேற்ப மாறும்.

பதில் 3: சிக்னல் எட்டுமா என்ற சந்தேகம் 2025 மார்ச்சில் தீர்ந்தது, நிலவில் இறங்கிய லூக்ரே (LuGRE) என்ற சோதனை ரிசீவர் ஜிபிஎஸ், ஐரோப்பாவின் கலிலியோ இரண்டின் சிக்னலையும் பிடித்தது. நிலவின் மறுபக்கம் போனால் மட்டும் சிக்னல் மறைந்துவிடும், அப்போது கடிகாரமும் ஃபில்டரும்தான் கதி.