யூகேவில் நாய், பூனை வளர்க்கப் போகிறீர்களா? இன்சூரன்ஸ் எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

போன வாரம் லெஸ்டரில் இருக்கும் ஒரு தம்பி போன் செய்தார். வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் லாப்ரடார் குட்டி ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். "அண்ணா, மாதம் 8 பவுண்டுக்கும் பாலிசி இருக்கு, 28 பவுண்டுக்கும் இருக்கு. ரெண்டுமே நாய்க்குத்தானே, என்ன வித்தியாசம்?" என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். என்ஹெச்எஸ் என்ற இந்நாட்டு அரசு மருத்துவச் சேவை மனிதர்களுக்கு மட்டும்தான். நம் ஊரில் அரசு கால்நடை மருந்தகம் உண்டு, சென்னை என்றால் வேப்பேரியில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கலாம். இங்கே வெட் (கால்நடை மருத்துவர்) என்றாலே தனியார், முழுக் காசு. பிடிஎஸ்ஏ, புளூ கிராஸ் போன்ற அறநிறுவனங்கள் குறைந்த செலவில் வைத்தியம் பார்க்கின்றன, ஆனால் அது பெரும்பாலும் அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்கானது. நம்மில் பலருடைய விசாவில் அரசு உதவித்தொகை எதுவும் கூடாது என்றே போட்டிருப்பதால், அந்தக் கதவு நமக்கு அநேகமாகத் திறக்காது.

செலவு எப்படி வரும் என்பதற்கு எங்கள் வீட்டுப் பொங்கலையே சொல்கிறேன். நெய்யில் வறுத்த கிஸ்மிஸும் முந்திரியும் தாராளமாகப் போட்ட சர்க்கரைப் பொங்கல். இரவு பத்து மணிக்கு மிச்சத்தை டப்பாவில் மாற்றுவதற்குள் எங்கள் நாய் வீரா நாற்காலியில் ஏறிப் பாத்திரத்தை வழித்து நக்கிவிட்டான். திராட்சையும் கிஸ்மிஸும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எவ்வளவு தின்றால் ஆபத்து என்று கணக்கும் கிடையாது. எங்கள் வெட்டுக்குப் போன் செய்தால் பதிவு செய்த குரல்தான் வந்தது. இரவு நேர அவசர வெட்டுக்குப் போகச் சொன்னது. அங்கே ஓர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். ஊதிப்போன கிஸ்மிஸ் பதினேழு வெளியே வந்ததாக நர்ஸ் எண்ணிச் சொன்னார். இரவெல்லாம் ட்ரிப், காலையில் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை. பில் 900 பவுண்டைத் தாண்டியது. இன்சூரன்ஸ் இருந்ததால் எங்கள் கையை விட்டுப் போனது 100 பவுண்டு. (வெங்காயம், பூண்டு, சாக்லேட் எல்லாமும் நாய்க்கு ஆகாது. சாம்பார் சாதம் வைத்துப் பழகியவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.)

சரி, பாலிசிக்கு வருவோம். விளம்பரத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும் அடியில் நாலே வகைதான். விபத்துக்கு மட்டும் தருவது ஒன்று. ஒரு நோய்க்கு 12 மாதம் மட்டும் தருவது இரண்டு. ஒரு நோய்க்கு இவ்வளவு பணம் என்று எல்லை கட்டி, அந்தப் பணம் தீரும்வரை தருவது மூன்று. நாலாவது லைஃப்டைம். இதில் எல்லைத் தொகை ஒவ்வொரு ரெனியூவலிலும் புதிதாக நிரம்பும்.

படிக்கும்போது எல்லாம் ஒன்று போலத் தெரியும். ஒரு கணக்குப் போட்டால் விளங்கிவிடும். லாப்ரடாருக்குத் தோல் அலர்ஜி சர்வ சாதாரணம். வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் வைத்தியம்தான். ஊசி, மாத்திரை, செக்கப் எல்லாம் சேர்த்து மாதம் 80 பவுண்டு என்று வையுங்கள், வருடத்துக்கு 960. பன்னிரண்டு மாத பாலிசியில் முதல் வருடம் பணம் வரும். அதற்கப்புறம் அந்த நோய்க்கு மட்டும் ஒரு பென்னி வராது, பிரீமியத்தை நீங்கள் கட்டிக்கொண்டே இருந்தாலும். நோய்க்கு 3,000 பவுண்டு என்ற எல்லை இருந்தால் மூன்று வருடம் ஓடும், அதோடு கதை முடிந்தது. லாப்ரடார் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். லைஃப்டைம் பாலிசியில், இடைவெளி விடாமல் ரெனியூவல் செய்தால் அடுத்த வருடமும் பணம் வரும். தம்பி கேட்ட 8-க்கும் 28-க்கும் நடுவில் இருப்பது இந்த இரண்டாவது வருடம்தான். முதல் வருடத்தில் எல்லாப் பாலிசியும் நல்ல பாலிசி போலத்தான் தெரியும்.

'அப்படியானால் மலிவாக ஒன்று எடுத்துவிட்டு, நோய் வந்தால் நல்லதுக்கு மாறிக்கொள்ளலாமே' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கேதான் சிக்கல். நம் ஊர் மெடிக்ளெய்மில் ஏற்கனவே இருந்த நோய்க்குச் சில வருடம் காத்திருந்தால் கவர் கிடைத்துவிடும். இங்கே செல்லப்பிராணி பாலிசியில் பாலிசிக்கு முன்பே இருந்த நோயைப் பொதுவாகச் சேர்க்கவே மாட்டார்கள். சில கம்பெனிகள் மட்டும், அறிகுறியே இல்லாமல் இரண்டு வருடம் ஓடியிருந்தால் மறுபடி பார்ப்பார்கள். ஆகவே நாய்க்கு நோய் வந்த பிறகு நீங்கள் இருக்கும் கம்பெனியிலேயே மாட்டிக்கொண்ட மாதிரிதான்.

'நோய்' என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வீராவை முதல் தடுப்பூசிக்குக் கொண்டு போனபோது, பேச்சுவாக்கில், "அப்பப்போ காதைச் சொறிகிறான்" என்று சொல்லி வைத்தேன். வெட் பார்த்துவிட்டு, கொஞ்சம் அழுக்கு, ஒன்றுமில்லை என்று சொல்லி, கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டினார். பாலிசி எடுத்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. ஒரு வருடம் போனதும் இடது காதில் சீழ். க்ளெய்ம் போட்டேன். கம்பெனி வெட்டிடமிருந்து குட்டியிலிருந்து உள்ள குறிப்பு முழுவதையும் வரவழைத்தது, அந்த ஒரு வரியைப் பிடித்தது, பாலிசிக்கு முன்பே இருந்த அறிகுறி என்று மறுத்துவிட்டது. அதோடு விடவில்லை. காது, கண், முழங்கால், இடுப்பு போன்ற ஜோடி உறுப்புகளை அவர்கள் ஒன்றாகத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால் வலது காதும் போயிற்று. இன்று வரை காதுச் சொட்டு மருந்து என் சொந்தச் செலவு.

கோபம்தான் வந்தது. ஆனால் அந்த வரி பொய்யில்லையே. கம்பெனி நியாயமில்லாமல் மறுத்ததாக நினைத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்தில் தீராவிட்டால், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மேன் சர்வீஸுக்குப் போகலாம், செலவு கிடையாது. என் விஷயத்தில் போய்ப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

அதனால் வரிசை முக்கியம். குட்டி வீட்டுக்கு வரும் நாளிலேயே பாலிசி தொடங்கட்டும், வெட்டிடம் முதல் விசிட் அதற்குப் பிறகு. நோய்க்குப் பொதுவாக 14 நாள் காத்திருப்பு உண்டு, விபத்துக்கு அதைவிடக் குறைவு. பிரீடரோ ஷெல்ட்டரோ நாலைந்து வாரத்துக்கு இலவச கவர் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பாலிசி எடுத்து மனம் மாறினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். இதெல்லாம் நோயை மறைக்கச் சொல்லும் யோசனை இல்லை. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லி எடுத்த பாலிசி க்ளெய்ம் நேரத்தில் கைவிட்டுவிடும்.

எக்ஸஸ் என்றால் க்ளெய்மில் நீங்கள் கட்ட வேண்டிய முதல் தொகை. பெரும்பாலும் ஒரு நோய்க்கு, ஒரு வருடத்துக்கு ஒரு முறை. இதை எல்லாரும் பார்த்துவிடுவார்கள். பார்க்காமல் விடுவது, நாய்க்கு வயதானதும் பில்லில் ஒரு சதவீதத்தை நீங்களே ஏற்க வேண்டும் என்கிற வரியை. முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை, பில் 4,500 பவுண்டு, எக்ஸஸ் 100, உங்கள் பங்கு 20 சதவீதம் என்றால், 100 போக மிச்சம் 4,400-இல் 880. மொத்தம் 980 உங்கள் கையிலிருந்து. எந்த வயதில் இது ஆரம்பிக்கும் என்று எடுக்கும்போதே கேளுங்கள்.

பிரீமியம் வருடா வருடம் ஏறும். லைஃப்டைம் என்ற பெயரைப் பார்த்து விலையும் ஆயுசுக்கும் அதே என்று நினைக்க வேண்டாம். அதில் 12 சதவீதம் இன்சூரன்ஸ் வரி வேறு. நாயின் இனமும் உங்கள் போஸ்ட்கோடும் விலையை மாற்றும், லண்டனில் அதிகம். பக், ஃப்ரெஞ்ச் புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பிரச்சினை கூடவே பிறந்தது. நாயை வாங்குவதற்கு முன்பே அவற்றின் பிரீமியத்தை விசாரித்துவிடுங்கள். ஆசைப்பட்டு வாங்கிவிட்டு அப்புறம் கண்ணீர் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு குழப்பம். வெட் கிளினிக்கில் மாதம் 15, 20 பவுண்டுக்கு 'பெட் ஹெல்த் பிளான்' என்று ஒன்றில் சேரச் சொல்வார்கள். தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து அதில் அடங்கும். நல்ல விஷயம்தான், ஆனால் அது இன்சூரன்ஸ் இல்லை. நாய் காரில் அடிபட்டால் அதிலிருந்து பணம் வராது. மறுபக்கம், இன்சூரன்ஸ் தடுப்பூசிக்கோ கருத்தடைக்கோ தராது. தடுப்பூசியைத் தள்ளிப்போட்டால் அந்த நோய் வரும்போது க்ளெய்மும் கிடைக்காது.

ஊரிலிருந்து நாயைக் கூட்டி வருகிறவர்கள் கவனிக்க. இந்தியாவிலிருந்து வரும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அந்தத் தேதியிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊர் டாக்டரிடம் இதுவரை பார்த்த வைத்தியம் அத்தனையையும் தேதியோடு ஆங்கிலத்தில் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். இங்கே க்ளெய்ம் போட்டால் முழு மருத்துவக் குறிப்பைக் கேட்பார்கள், தடுப்பூசி அட்டையை மட்டும் நீட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உண்ணிக் காய்ச்சல் வந்து குணமான நாய் என்றால் அதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் இவர்கள் பட்டியலில் இருக்காது. பார்க்க ஒன்று போல இருக்கிறதே என்று கிரேஹவுண்ட் என்று போடாமல், போன் செய்து எதைப் போடுவது என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நபர் பொறுப்பு என்று ஒரு பிரிவு நாய் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். நாய் குறுக்கே ஓடி ஒரு சைக்கிள்காரர் விழுந்து கையை உடைத்துக்கொண்டால் கேள்வி உங்களிடம்தான் வரும். பூனைக்கு இது பொதுவாகக் கிடையாது, பிரீமியமும் நாயைவிடக் குறைவு. பூனை வைத்திருப்பவர்கள் லில்லிப் பூ மட்டும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள், மகரந்தம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். இங்கிலாந்தில் நாய்க்கு 2016-இலிருந்து மைக்ரோசிப் கட்டாயம், பூனைக்கு 2024 ஜூன் 10 முதல்.

கடைசியாக வெட் பில். கம்பெனி வெட்டுக்கு நேரடியாகப் பணம் கட்டுமா, இல்லை நீங்கள் கட்டிவிட்டு வாங்க வேண்டுமா என்பதை இருவரிடமும் முன்பே கேளுங்கள். 4,500 பவுண்டைக் கிரெடிட் கார்டில் வைத்துக் காத்திருப்பது எல்லாராலும் முடியாது. நீண்டகால மருந்தென்றால் எழுதிய பிரிஸ்கிரிப்ஷன் கேட்டு வாங்கி, பதிவு பெற்ற ஆன்லைன் மருந்தகத்தில் வாங்கலாம், பல மருந்துகள் அங்கே மலிவு. பக்கத்து வெட்டில் விலை குறையும் என்று மாறப் போகிறீர்களா, பெயர்ப்பலகை வேறாக இருந்தாலும் முதலாளி ஒருவரா என்று பாருங்கள். 2013-இல் சுமார் 10 சதவீத கிளினிக்குகள்தான் பெரிய குழுமங்களிடம் இருந்தன. போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் (சிஎம்ஏ) 2024-இல் வெட் துறையை விசாரணைக்கு எடுத்தபோது அது 60 சதவீதத்தை நெருங்கியிருந்தது.

இன்சூரன்ஸே வேண்டாம், மாதம் 30 பவுண்டு தனியாகச் சேர்த்து வைக்கிறேன் என்கிறார் என் மனைவியின் தோழி. அவருடையது 13 வயதுப் பூனை, பிரீமியம் எக்கச்சக்கம், கையில் சேமிப்பும் இருக்கிறது. அவருக்குச் சரி. குட்டி நாயோடு, முதல் வருட வாடகை டெபாசிட்டே கடனில் கட்டியவருக்கு அது சரிவராது. முதல் மாதமே கிஸ்மிஸ் தின்றால் சேமிப்பில் 30 பவுண்டுதான் இருக்கும்.

தம்பி 28 பவுண்டு பாலிசியை எடுத்துவிட்டார். குட்டி சனிக்கிழமை வருகிறது, பாலிசியும் அன்றைக்கே தொடங்குகிறது. வெட் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வியாழன்.