பி.இ.யிலிருந்து சிற்பக்கலைக்கு மாற டி.சி. தர மறுக்கிறார்கள்

கோவைப் பக்கம் தனியார் கல்லூரி, பி.இ. மெக்கானிக்கல் முதலாண்டு. கலந்தாய்வில் வந்த இடம், வீட்டார் விருப்பம். இப்போது எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் பி.எப்.ஏ. சிற்பப் பிரிவு கிடைத்திருக்கிறது. அசல் டி.சி.யைக் கொடுக்க அடுத்த வெள்ளிதான் கடைசி.

மீதி மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி. என்கிறது கல்லூரி. மார்க் ஷீட்டை டிஜிலாக்கரில் எடுத்துவிட்டேன், டி.சி.க்கு அந்த வழி இல்லை.

விலகல் கடிதத்தில் அப்பாவும் கையெழுத்துப் போட்டார் (அதுவே பெரிய விஷயம்). நேரில் கொடுத்தபோது முத்திரை போட மறுத்தார்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன், அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்ற 2018 யு.ஜி.சி. அறிவிக்கையையும் இணைத்து. பட்டுவாடா ஆகிவிட்டது, பதில் இல்லை. போனில் "சேர்மன் வரட்டும்" என்கிறார்கள்.

வெள்ளிக்குள் டி.சி. கைக்கு வர, அடுத்த புகாரை எங்கே நேரில் கொடுப்பது: தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலா, அண்ணா பல்கலைக்கழகத்திலா?