கிளிநொச்சி நகர சபை ஆனால் கான் தானாக ஓடுமோ?

கரைச்சியான்:
டிப்போச்சந்தி நேற்று எழுதினதை வாசித்துவிட்டு நித்திரையே வரவில்லை. கிளிநொச்சி நகரம் சுற்றுக் கிராமங்களோடு சேர்ந்து ஒரே பிரதேச சபைக்குக் கீழே கிடப்பதால்தான் மழைக்கு நாறுதாம், நகர சபை ஆக்கினால் முதல் வேலையாக மழைத்தண்ணி ஓடுகிற கான் சரியாகுமாம். ஒரே ஒரு கேள்வி. கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதி ஓரமாகப் போகிற கான் யாருடையது? ஏ, பி வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி வீதிகள் மாகாணத்துக்கு, மிச்ச ஒழுங்கைகள்தான் சபைக்கு. பெயர்ப்பலகையை மாற்றினால் கானின் சொந்தக்காரனும் மாறுவானோ?

டிப்போச்சந்தி:
அண்ணை, 1984இல் தனி மாவட்டம் ஆன ஊர் இது. இன்றைக்கும் நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள். வவுனியா மாநகர சபையே ஆகிவிட்டது. வட்டாரத்துக்கு வட்டாரம் தன் கிராவல் ரோட்டுக்கு இழுக்கிற சபையில் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் யார் வாய் திறப்பார்? கொழும்பிடம் அதிகாரத்தைப் பகிர் என்று கத்துகிறோம், நாங்கள் மட்டும் கீழே இறக்க மாட்டோமாக்கும்.

கரைச்சியான்:
நான் கேட்டது கான். என் கடை வாசலில் கானின் கொங்கிரீட் மூடி உடைந்தது, ஆள் விழக்கூடாது என்று யாரோ வேலிக்கு நடுகிற பூவரசங் கதியால் ஒன்றைக் குத்தி விட்டார்கள். ஒரு கந்தோரில் "இது எங்கட இல்லை" என்றார்கள், அடுத்த கந்தோரில் கடிதத்தை வாங்கி வைத்தார்கள். இப்போது கதியால் துளிர்த்து நாலு இலையும் விட்டாச்சு. இதில் நகர சபை எங்கே வருகிறது?

வவுனியாப்பெடியன்:
எங்கட மாநகர சபையைப் பார்த்து வாயூறாதீங்கோ. மரக்கறி மொத்த வியாபாரத்துக்கென்று ஒரு பொருளாதார மத்திய நிலையம் வைக்க ஓமந்தையா தாண்டிக்குளமா என்று 2016இல் பட்ட பாடு தெரியும்தானே.

டிப்போச்சந்தி:
அது இடத்துச் சண்டை தம்பி. இது வேறு.

கரைச்சியான்:
எது வேறு? ஏ9 வவுனியாவுக்குள்ளாலும்தான் போகிறது. அங்கே கான் யாருடையது, கேட்டுச் சொல்லும்.

நல்லூரான்:
வன்னியாருக்குத் தண்ணி கூடித்தான் சண்டை. யாழ்ப்பாணத்துக்குக் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணி கேட்டபோது மட்டும் ஒரு சொட்டும் இல்லை என்றீர்கள்.

கரைச்சியான்:
வந்திட்டார். ஐயா, 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவு திறந்தபோது வீட்டுக்குள் வந்த தண்ணியை அள்ளிக்கொண்டு போயிருக்கலாமே. குளம் வயலுக்கு. உங்கட யாழ்ப்பாணத் தாளையடியில் 2024இல் கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கியாச்சு, அதைக் குடியுங்கோ.

நல்லூரான்:
மனம் உப்பாக இருந்தால் இப்படித்தான் பேச்சு வரும்.

டிப்போச்சந்தி:
தண்ணிக் கதையை விடுங்கோ. உள்ளூராட்சி அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாண விடயம், ஆனால் 2018 ஒக்டோபரோடு வட மாகாண சபையின் காலம் முடிந்து ஆளுநர்தான் பார்க்கிறார். அதனால்தான் கீழே பலமான சபை வேண்டும் என்கிறேன்.

கரைச்சியான்:
பலமோ? நகரத்தை வெட்டி எடுத்தால் வீடு, கடைக்குக் கட்டுகிற சோலை வரியும் சந்தைக் குத்தகையும் உங்களோடு போய்விடும். மிச்சக் கிராமங்கள் எதை வைத்துத் தெருவிளக்குப் போடும்? இளநீரைக் குடித்துவிட்டுக் கோம்பையை எங்களிடம் தருகிற பகிர்வு நல்லாயிருக்கு. நகரத்தில் இரண்டு கடை வைத்திருக்கிறவருக்கு இந்த அவசரம் ஏன் என்று எனக்கு விளங்குது.

டிப்போச்சந்தி:
என் கடையை இழுக்காதேயும். நீர் எத்தனை வருஷம் சோலை வரி கட்டவில்லை என்று நான் கேட்டேனா?

கரைச்சியான்:
கான் துப்புரவாக்கட்டும், கட்டுகிறேன்.

வவுனியாப்பெடியன்:
கான்தான் சபையுடையது இல்லை என்றீர்களே அண்ணை!

கரைச்சியான்:
தம்பி, நீர் முதலில் ஓமந்தையா தாண்டிக்குளமா என்று முடிவெடும். டிப்போச்சந்தி இன்னும் பதில் சொல்லவில்லை. ஏ9 கான் யாருடையது?

டிப்போச்சந்தி:
போய்க் கதியாலுக்குத் தண்ணி ஊற்றுங்கோ.